டெல்லிக்குப் போயிருக்கிறேன்

நான் டெல்லிக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். எம்.ஏ. முடித்திருக்கிறேன். கலெக்டரை ஐந்து வருடமாகத் தெரியும். ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. இந்த நான்கையும் பெரம்பலூரில் ஓர் உரக்கடை மாடியில், கரும்பலகையில், என் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதினேன். நான்கில் ஒன்றுகூட உண்மை இல்லை. முதல் மூன்றையும் எழுதிய பிறகுதான் நான்காவதை எழுதினேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன் என்று சொல்வதைவிட, மூன்று வருடம் அந்தக் கட்டடத்துக்குப் போய் வந்தேன் என்று சொல்வதுதான் பொருத்தம். 1996-இல் வெளியே வந்தபோது இரண்டு தாள்கள் பாக்கி. அடுத்த தடவை எழுதிவிடலாம் என்று ஊர் திரும்பினேன். அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் வந்து போயின. விஷயம் அம்மாவுக்கு மட்டும் தெரியும். யாராவது கேட்டால், "பையன் இங்கிலீஷ் படிச்சவன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதில் பொய் இல்லை. பின்னால் நான் பிழைத்த பிழைப்புக்கு அம்மாதான் வழிகாட்டி என்று இப்போது தோன்றுகிறது.

1999-இல் அந்த மாடியை வாடகைக்குப் பிடித்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தேன். கீழேயிருந்து பூச்சிமருந்து நெடி ஏறும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் தும்முவார்கள், இரண்டாம் வாரம் பழகிவிடும். வாசலில் தொங்கிய போர்டில் என் பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் போடவில்லை. "அறுபது நாளில் ஆங்கிலம்" என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்த அளவுக்கு நான் யோக்கியன். வந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். ஒரு பஸ் கண்டக்டர், ஜவுளிக்கடை சேல்ஸ்மேன் ஒருவர், சிங்கப்பூர் போக விசாவுக்குக் காத்திருந்த அரும்பாவூர்க்காரர் ஒருவர், வங்கித் தேர்வுக்குப் படித்த பெண்கள் நான்கைந்து பேர். எல்லோரும் என்னை சார் என்றார்கள். அந்த 'சார்' எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

பாடத்தில் எனக்கு ஒரு கண்டம் உண்டு. 'ஐ வென்ட்' எங்கே, 'ஐ ஹாவ் பீன்' எங்கே என்பது கல்லூரியிலேயே எனக்குப் பிடிபடவில்லை. பாக்கி இருந்த இரண்டு தாளில் ஒன்று இலக்கணத் தாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய நோட்டைப் புரட்டியதில் ஒரே ஒரு வரிதான் உருப்படியாகக் கிடைத்தது. நேரத்தைச் சொன்னால் சிம்பிள் பாஸ்ட், சொல்லாவிட்டால் பிரசன்ட் பெர்ஃபெக்ட். அதையே தமிழாக்கி, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி வகுப்பில் விளக்கினேன். 'போனேன்' என்றால் எப்போது என்பது கூடவே வந்தாக வேண்டும். 'போயிருக்கேன்' என்றால் எப்போது என்று சொல்லத் தேவையில்லை, போன அனுபவம் இருக்கிறது, அவ்வளவுதான்.

விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஆட்கள் "நேத்து வந்திருந்தேன்" என்று பேசிப் பழகியவர்கள். "ஐ ஹாவ் கம் எஸ்டர்டே" என்று தைரியமாகச் சொன்னார்கள். போதாததற்கு 'ஹாவ்' சேர்த்தால் படித்தவர் பேச்சாகத் தெரிகிறது என்று வகுப்பே முடிவு கட்டியிருந்தது. கண்டக்டர் ஒருநாள் எழுந்து, திருமானூர் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிற பயணியிடம் பஸ் போய்விட்டது என்பதை எப்படிச் சொல்வது, 'வென்ட்'டா 'ஹாஸ் கான்'ஆ என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சரிதான் என்றேன். எதில் சொன்னாலும் அந்த ஆளுக்குத் திட்டத்தான் தோன்றும் என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு சிரித்தது, நான் தப்பித்தேன்.

உதாரணங்களுக்கு முதலில் மாணவர்களையே கேட்டேன். ரயிலில் போயிருக்கிறீர்களா? பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, ஏற வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும். முக்கால்வாசிப் பேர் போனதில்லை. விமானம்? இல்லை. கடல்? இரண்டு பேர். வரிசையாக எல்லோரும் "நோ சார், ஐ ஹாவ் நெவர்" என்று சொல்லிக்கொண்டே வந்தபோது, நானே வேலை மெனக்கெட்டு இவர்களை நிற்கவைத்து அவமானப்படுத்துகிற மாதிரி இருந்தது. அதனால் என்னையே உதாரணம் ஆக்கிக்கொண்டேன். டெல்லிக்கு மூன்று தடவை போயிருக்கிறேன் என்று பலகையில் எழுதினேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இது சும்மா உதாரணம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பத்துப் பன்னிரண்டு முகங்களைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை. அடுத்த பாடத்தில் எம்.ஏ. வந்தது, 'ஃபார்' 'சின்ஸ்' நடத்தியபோது கலெக்டர் வந்தார், 'நெவர்' நடத்தியபோது அரிச்சந்திரன் ஆனேன்.

2001-இல் எனக்குப் பெண் பார்த்தார்கள். அந்த வருடம்தான் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்திருந்தார்கள். அதனால் தரகர், "வேற ஜில்லா சம்பந்தம்" என்று பெருமையாகச் சொன்னார். பெண் அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

எங்கள் பக்கம், பெண் பார்க்க வரச் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் விசாரிப்பார்கள். விசாரிக்கிற மாதிரி தெரியாமல் விசாரிக்க வேண்டும் என்பது முறை. டீக்கடையில் டீ குடிக்கிற சாக்கில், சலூனில் சவரம் செய்துகொள்கிற சாக்கில் பேச்சைக் கொடுப்பார்கள். விசாரிக்கப்படுகிறவனுக்கும் இது தெரியும். அந்த ஒரு மாதம் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நடப்பான். நானும் நடந்தேன். பெண்ணின் அப்பா என் நடையைப் பார்க்கவேயில்லை. நேராக ஜவுளிக்கடைக்குப் போய் வேட்டி காட்டச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் சேல்ஸ்மேன் வகுப்புக்கு முன்கூட்டியே வந்து நின்றார்.

"சார், ஒங்களப் பத்தி ஒருத்தர் கேட்டாரு சார். வேட்டிய விரிச்சுப் போட்டுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"டெல்லி, எம்.ஏ., கலெக்டரு, ஒண்ணு விடல. ஒரு தடவகூட பொய் சொன்னதில்லங்கறதையும் மறக்காம சொல்லிட்டேன் சார்."

அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. என் வாழ்க்கைக்கு விளக்கேற்றிவிட்ட திருப்தி. அப்போதே அவரை உட்காரவைத்து, ஐயா அதெல்லாம் வாக்கியங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, வேட்டி வாங்க வந்தவர் என்ன சொன்னார் என்றுதான்.

"ரெண்டு வேட்டி சேத்து எடுத்தாரு சார்," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தரகரும் அரியலூர் போனோம். கேசரி, பஜ்ஜி எல்லாம் வந்தது. பெண்ணின் அப்பா நல்ல மனிதர், பேசப் பிரியப்பட்டார். பேச அவருக்குக் கிடைத்த விஷயம் டெல்லி. எந்த வண்டியில் போனீர்கள், சென்னையில் மாறினீர்களா, வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முப்பது வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவர். ரயிலில் ஒரு தடவைகூட ஏறாத நான், கேள்வி வரும்போதெல்லாம் பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டேன். ஐந்து பஜ்ஜி ஆனது. அம்மா என்னை முறைத்தார், பஜ்ஜிக்காகவா டெல்லிக்காகவா தெரியவில்லை.

படித்தவர்கள், இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று யாரோ சொன்னார்கள். கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல் பக்கத்தில் நின்றோம். வெளிர் பச்சைச் சேலை. விரல் நுனியில் பஞ்சில் தொட்டுத் தொட்டு ஏறிய மருந்துக் கறை. என்னை நேராகப் பார்த்து, அடக்கமான குரலில் கேட்டார்.

"டெல்லிக்கு எப்பங்க போனீங்க?"

"போயிருக்கேங்க."

"அதான், எப்ப?"

இரண்டு வருடமாக அந்த விதியை நடத்தியவன் நான். எப்போது என்று சொல்லாமலிருக்க ஆங்கிலத்தில் இடம் உண்டு என்று அத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவன். இந்தப் பெண்ணின் முன்னால் அந்த இடம் இல்லை. போனதில்லை, அது ஒரு வாக்கியம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உரக்கடை மாடியில் ஆரம்பித்து, சேல்ஸ்மேனின் வேட்டிவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எங்க லேபுலயும் இப்படித்தாங்க. வெறும் வயித்துல வாங்கன்னு சொல்லி அனுப்புவோம். ஒண்ணுமே சாப்புடலம்மான்னு சத்தியம் பண்ணுவாங்க. பாத்தா சுகர் ஏறி நிக்கும். தோண்டித் தோண்டிக் கேட்டா, டீ மட்டும் குடிச்சேன்னு வரும். டீய மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க."

உண்மைதான். எங்கள் ஊரில் டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. காலையில் இரண்டு டீ குடித்தவர்கூட, பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்பார். நானும் சிரித்தேன். இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்தத் துவைக்கிற கல் பக்கத்தில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் எதையும் அவ்வளவு வேகமாக நான் முடிவு செய்ததில்லை.

வேறு என்னென்ன வாக்கியங்கள் இருக்கின்றன என்று கேட்டார். கலெக்டரைச் சொன்னேன், சிரித்தார். பொய்யே சொல்லாததைச் சொன்னேன், சிரித்தார். எம்.ஏ. இல்லை, பி.ஏ.விலேயே இரண்டு தாள் நிற்கிறது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்குப் பரவால்லைங்க. எழுதி பாஸ் பண்ணிக்கலாம். ஆனா அப்பாட்ட நீங்களே சொல்லிடுங்க. எல்லாத்தையும்."

சரி என்றேன். அந்தச் 'சரி'யை முழு மனதோடுதான் சொன்னேன்.

முதலில் வகுப்பைச் சரி செய்வோம் என்று திங்கட்கிழமை பலகையில் பெரிதாக எழுதினேன். நான் டெல்லிக்குப் போனதேயில்லை. எம்.ஏ. முடிக்கவில்லை. கலெக்டரை எனக்குத் தெரியாது. எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே பகிரங்க வாக்குமூலம் அது. எல்லோரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சேல்ஸ்மேன் கையைத் தூக்கி, இன்றைக்கு நெகட்டிவ் பாடமா சார் என்று கேட்டார். இல்லை, இது நிஜம் என்றேன். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், அதுதான் பிசகு. அதையும் எழுதிக்கொண்டார்கள். கண்டக்டர் எழுந்து, கேள்வி வாக்கியமாக மாற்றிக் காட்டினார். சரியாகவே மாற்றினார்.

அடுத்த ஞாயிறு காலையில் தனியாக அரியலூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை. பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். உட்கார்ந்ததும் சொன்னேன், டெல்லிக்கு நான் போனதில்லை, ரயிலிலேயே ஏறியதில்லை. அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ரயில்வே இலவச பாஸைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது வருடத்தில் தானே சென்னையைத் தாண்டியதில்லை என்றார். கலெக்டரைச் சொன்னேன். கலெக்டரை வைத்துக்கொண்டு நாமென்ன செய்யப்போகிறோம் என்றார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இவ்வளவு சுலபமா என்றிருந்தது.

அவர் என் தொடையில் தட்டினார். முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"எம்.ஏ. மட்டும் நெசம்தான மாப்ள? எங்க சொந்தத்துல மொத எம்.ஏ. நீங்கதான். எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் டீ கொண்டு வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவோரம் நின்றார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதற்காகத்தான் நின்றார். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. பெரியவரின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மாப்ள என்ற வார்த்தை இன்னும் காதில் இருந்தது. சொன்னால் அது போய்விடும் என்று பயந்துவிட்டேன். இதில் விளக்கம் சொல்ல வேறொன்றும் இல்லை.

"படிச்சிருக்கேன் மாமா," என்றேன்.

சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். நிமிர்ந்தபோது கதவோரம் யாருமில்லை.

நான்கு நாள் கழித்துத் தரகர் மாடிப்படி ஏறி வந்தார். பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். அப்பா எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லையாம். தரகர் தன் பங்குக்கு நேரிலேயே கேட்டிருக்கிறார்.

"டீய மட்டும் சொல்லலன்னு சொல்லுங்க, அவருக்குத் தெரியும்னுச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அங்க டீ குடுக்கும்போது எதாச்சும் சொல்லிட்டீங்களா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது நிஜம்தான், சொல்ல வேண்டியதைத்தான் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அந்தப் பெரியவர் கடைசிவரை என்னை எம்.ஏ. என்றே நினைத்திருப்பார். அவமானத்தைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

அடுத்த வருடம் அரியலூர் மாவட்டத்தையே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். என்னைவிட மாவட்டங்களுக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். உரக்கடை மாடியை விட்டேன். பாக்கித் தாள்களை எழுத உட்கார்ந்தேன். இரண்டில் ஒன்று உடனே பாஸ் ஆகிவிட்டது. இலக்கணத் தாள் மட்டும் இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. அறுபது நாளில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவனுக்கு எட்டு வருடம் ஆனது. கடைசியில் 2004 ஏப்ரலில் பாஸ் பண்ணினேன். பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது. செந்துறைப் பக்கத்துப் பெண். பெண் பார்க்கப் போனபோது, காபி வருவதற்கு முன்பே மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டினேன், தோற்ற வருடங்களையும் சேர்த்து. பட்டியலோடு பெண் பார்க்க வந்த ஆள் என்று என் மனைவியின் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

2007 கடைசியில் அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆனது. நான் அங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். காலில் ஒரு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஊரில் வேறு லேப்களும் இருந்தன. நான் அந்த லேபுக்குத்தான் போனேன். ஏன் என்று கேட்டால் பக்கம் என்று சொல்வேன், அதை நம்ப வேண்டாம்.

அவர்தான் மேசையில் இருந்தார். முகம் கொஞ்சம் சதைபோட்டிருந்தது, கழுத்தில் தாலிக்கொடி. மேசை ஓரத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் தண்ணீர் பாட்டில். சீட்டை வாங்கிக்கொண்டு, நிமிராமல் கேட்டார்.

"எப்ப சாப்பிட்டீங்க?"

"ராத்திரி எட்டரைக்கு ரெண்டு தோசை சாப்பிட்டேன்."

"அப்புறம் ஒண்ணும் சாப்பிடலல்ல?"

"காலைல ஆறே காலுக்கு பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சேன். சக்கர போட்டு."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது. அவர் கேட்காமலே நான் பேசினேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு நான் என்ன பைத்தியமாகத் தெரிந்தேனோ.

"பி.ஏ. பாஸ் பண்ணிட்டேங்க. ரெண்டாயிரத்து நாலு, ஏப்ரல்ல. எம்.ஏ. படிக்கலங்க."

அவர் சிரிக்கவில்லை. சீட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லங்க," என்றார்.

"சொல்லியிருக்கலாங்க," என்றேன்.

டீ குடித்திருந்தால் ரத்தம் எடுக்க முடியாது, நாளைக்கு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் டீக்கடையைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து, வெறும் வயிற்றோடு போய் நின்றேன். அவர் அன்றைக்கு லீவு. வேறொரு பெண் கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்தார். எப்போது சாப்பிட்டீர்கள் என்று அவர் கேட்கவேயில்லை.